பன்னிரண்டு பாடம், மூன்று ஷிப்டு

மூன்றாவது பாடத்தில் குக்கர் நான்கு முறை விசிலடிக்கும். முதல் விசில், நான் வணக்கம் சொல்லி முடித்தவுடன். கடைசி விசில், "இந்தச் சிவப்புப் பொத்தானை விளையாட்டுக்குக்கூட அழுத்தாதீர்கள்" என்று நான் குரலைக் கடுமையாக்கும் இடத்தில், எனக்கு ஆமாம் போடுவது போல. அழித்துவிட்டு மறுபடி பதிவு செய்திருக்கலாம். ஆனால் அன்று அதற்கு முன்பே ஆறு முறை பதிவு செய்திருந்தேன். மூன்று முறை கூட்ஸ் வண்டி கெடுத்தது, இரண்டு முறை கரண்ட் போனது, ஒரு முறை எனக்கே தும்மல் வந்தது. ஏழாவது முறை குக்கர் என்றதும் அழுகையே வந்துவிட்டது. இருப்பதை இருக்கிறபடியே இணையத்தில் ஏற்றிவிட்டேன்.

இரண்டாயிரத்து எட்டோ ஒன்பதோ, சரியாக நினைவில்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பம்புகளுக்குத் தண்டு கடையும் ஒரு கம்பெனியில் நான் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். கடைந்து வரும் ஒவ்வொரு தண்டையும் அளந்து பார்த்து, சரி என்றால் பச்சை மை, இல்லை என்றால் சிவப்பு மை. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூடியிருந்தாலும் சிவப்புதான். கெஞ்சினால் இன்னும் அழுத்தமாகச் சிவப்பு. மெஷின் ஷாப்பில் இருந்த ஆண்கள் எல்லோரும் என்னை மேடம் என்று கூப்பிட்டதற்கு மரியாதை பாதிக் காரணம். மீதி அந்த மை.

அந்த வருடம் தண்டு கடையும் ஒரு பழைய லேத்தை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் ஓடும் புது மெஷின் ஒன்றைக் கொண்டுவருவதாக முடிவானது. பழைய லேத்தில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள், ஷிப்டுக்கு ஒருவராக. எங்கள் ஷாப்பில் ஆளை ஊர் வைத்துத்தான் கூப்பிடுவார்கள். ஆரம்பாக்கத்துக்காரர் ரயிலில் வருவார். பேச்சில் நைனா இல்லாமல் ஒரு வாக்கியம் முடியாது. சோழவரத்துக்காரர் கம்பெனி பஸ்ஸில் வருவார். அவர் ஊரில் ஒரு காலத்தில் கார் ரேஸ் நடந்தது என்பதால் எல்லாவற்றையும் அவசரமாகச் செய்வதைத் தன் பிறப்புரிமையாக வைத்திருந்தார். மூன்றாமவர் பழவேற்காட்டு பாய். மூவரில் மூத்தவர், இடுப்பு வலிக்காரர். ஒரு தண்டை லேத்திலிருந்து எடுத்துக் கையில் உருட்டிப் பார்த்தே அளவு சொல்லிவிடுவார். அதைப் பொய்யாக்க நான் பலமுறை கருவியோடு முயன்று தோற்றிருக்கிறேன். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

மேனேஜர் சொன்னது இதுதான்: புது மெஷினைப் பற்றிய பாடத்தை முடித்து, மெஷின் கம்பெனி இன்ஜினியர் வைக்கும் தேர்விலும் தேறுகிறவர் அந்த மெஷினில் நிற்கலாம். தேறாதவர் டெஸ்பாட்சுக்குப் போக வேண்டும். டெஸ்பாட்ச் என்றால் லாரியில் பெட்டி ஏற்றுவது. பதினோரு வருடம் லேத்தில் நின்றவரை லாரியடியில் நிறுத்துவது. பாயின் இடுப்பு அதை ஒரு மாதம் தாங்காது என்று எல்லோருக்கும் தெரியும், மேனேஜருக்கும் தெரியும்.

மூன்று பேரையும் ஒரே நேரத்தில் உட்கார வைத்து வகுப்பு எடுக்க முடியாது. லேத் நிற்கக் கூடாது. அப்போதுதான் மேனேஜருக்கு ஆன்லைன் என்ற சொல் எங்கோ கிடைத்தது. கிடைத்த வேகத்தில் அதை என் தலையில் கட்டினார். காரணம், மெஷின் கம்பெனியில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய் வந்தவள் நான். வீட்டில் பிராட்பேண்ட் வைத்திருந்தவளும் நான்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. இதுவரை பிறர் செய்ததில் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தவள், முதன்முறையாக நானே ஒன்றைச் செய்யப்போகிறேன். பன்னிரண்டு பாடம் என்று திட்டம் போட்டேன். ஒவ்வொரு பாடத்துக்கும் பத்துப் பன்னிரண்டு படங்கள், படத்துக்கு மேல் என் குரல், கடைசியில் ஐந்து கேள்விகள். எங்கள் வாடகை வீடு ரயில் பாதைக்குப் பக்கத்தில். லோக்கல் வண்டிகளுக்கு நேரம் உண்டு, கூட்ஸுக்கு ஏது? ஆகவே பீரோவைத் திறந்து வைத்து, தொங்கும் புடவைகளுக்கு நடுவே தலையை விட்டுக்கொண்டு பேசினேன். மே மாதம். என் கணவர் வெளியே நின்று, வண்டி வந்தால் பீரோ கதவைத் தட்டுவார். ஒருமுறை உள்ளே வியர்த்து மயக்கம் வருகிறது என்று நான் தட்டினேன். பதிவு நன்றாகப் போகிறது என்பதற்கான சமிக்ஞை என்று நினைத்து அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

ஒரு பாடம் இணையத்தில் ஏறி முடிவதற்குள் சென்ட்ரலுக்கு ஒரு லோக்கல் போய்த் திரும்பிவிடும். ஏறும்போது எங்கள் வீட்டில் யாரும் போன் பேசக் கூடாது, ஃபேனை வேகமாக வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தேன். ஃபேனுக்கும் இணையத்துக்கும் சம்பந்தமில்லை என்று கணவர் சொல்லிப் பார்த்தார். எனக்கு மட்டும் அது தெரியாதா என்ன? பயம்தான்.

தொடக்க விழா வைத்தே தீர வேண்டும் என்றார் மேனேஜர். டூல் ரூமுக்குப் பக்கத்தில் இருந்த கண்ணாடி அறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து, அதற்கு மாலை போட்டோம். புது மெஷின் எது வந்தாலும் எங்கள் ஷாப்பில் பூஜை போடாமல் ஓட்டமாட்டார்கள். ஆன்லைன் பாடத்துக்கு மட்டும் என்ன விதிவிலக்கு? தேங்காய் உடைத்தார்கள். மவுசுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மேனேஜர் அதன்மேல் மவுசை அழுத்தி முதல் பாடத்தைத் திறந்து வைத்தார். மானிட்டர் கண்ணாடியின் வலது மேல் மூலையில் சந்தனம் குழைத்து, அதன் நடுவில் குங்குமம் வைத்தது நான். என் பாடமல்லவா, பொட்டும் பெரிதாகவே வைத்தேன்.

மூவருக்கும் தனித்தனியாக ஒரு சீட்டு கொடுத்தேன், அவரவர் பெயரும் ரகசியச் சொல்லும் எழுதி. ஷிப்டு தொடங்கும் முன் அரை மணி அல்லது முடிந்த பின் அரை மணி, தினமும் ஒருவர் வந்து பார்க்க வேண்டும் என்று விளக்கினேன். அந்தக் கம்ப்யூட்டர் உயிர் பெற்று எழுந்திருக்கவே கால் மணி எடுக்கும் என்பதால் "இதை யாரும் அணைக்கக் கூடாது" என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். பிறகு என் அறைக்குப் போய், யார் எந்தப் பாடம் பார்த்தார், எத்தனை மார்க் என்று என் திரையில் பார்க்கக் காத்திருந்தேன். முதல் பிரசவத்தில் வார்டுக்கு வெளியே நிற்கிற மாதிரிதான் இருந்தது.

ஒரு வாரத்தில் ஆரம்பாக்கத்துக்காரர் மூன்று பாடம் முடித்துவிட்டார். எல்லாவற்றிலும் ஐந்துக்கு ஐந்து. சோழவரம்: பூஜ்யம். பாய்: பூஜ்யம். பரவாயில்லை, கூச்சமாக இருக்கும் என்று விட்டேன். இரண்டாம் வாரம் ஆரம்பாக்கம் ஆறு பாடம். மற்ற இருவரும் அதே பூஜ்யம். இன்னொன்றையும் கவனித்தேன். ஆரம்பாக்கத்துக்காரர் காலை ஐந்தரைக்கும் படிக்கிறார், மதியம் ஒன்றரைக்கும் படிக்கிறார், ராத்திரி ஒன்பதரைக்கும் படிக்கிறார். மனிதர் வீட்டுக்கே போவதில்லையா என்று கவலைப்பட்டேன். பிறகு அந்தக் கவலை பெருமையாக மாறிவிட்டது. என் குரலைக் கேட்காமல் ஒரு மனிதனால் இருக்க முடியவில்லை என்றால் நான் என்ன செய்ய?

சோழவரத்துக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன், ஏன் பாடம் பார்க்கவில்லை என்று. அவர் திகைத்தார். "பாத்துக்கினுதானே மேடம் கீறேன்" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா? பாயைக் கேட்டால் அவரும் தலையை ஆட்டி, பார்ப்பதாகத்தான் சொன்னார். ஆரம்பாக்கத்துக்காரரை மட்டும் கேன்டீனில் எல்லோர் முன்னாலும் நிறுத்திப் பாராட்டினேன். அவர் நெளிந்தார். தன்னடக்கம் என்று அதற்கும் ஒரு மார்க் போட்டுக்கொண்டேன்.

ஐந்தாம் வாரம் ஆரம்பாக்கம் பன்னிரண்டு பாடத்தையும் முடித்தார். மேனேஜர் அறிக்கை கேட்டார். அன்று எனக்கு இருந்த கோபத்தில், ஒருவர் சிறப்பு, மற்ற இருவருக்கும் "ஆர்வமின்மை" என்று எழுதி அனுப்பினேன். அந்தச் சொல்லைத் தேடி யோசித்து டைப் செய்தது இன்றும் நினைவிருக்கிறது. மறுநாளே டெஸ்பாட்ச் பட்டியலில் இரண்டு பெயர் சேர்ந்தது. புது மெஷினின் மற்ற இரண்டு ஷிப்டுக்கும் சென்னையிலிருந்து டிப்ளமா படித்தவர்களைக் கொண்டுவரப்போவதாகப் பேச்சு.

பட்டியல் நோட்டீஸ் போர்டுக்கு வந்த அன்று மதியம் இரண்டு மணிக்கு, ஷிப்டு மாறும் நேரத்தில், நான் லேத்துக்கே போனேன். உள்மனசில் ஏதோ உறுத்தல். சோழவரத்துக்காரர் வேலை முடித்துக் கை துடைத்துக்கொண்டிருந்தார். பாய் வந்து நின்றார். எங்கள் ஷாப்பில் ஓடுகிற லேத்தை நிறுத்திவிட்டுக் கைமாற்றுவது அவமானம். ஓட ஓடத்தான் ஒருவர் விலகுவார், அடுத்தவர் நிற்பார், விட்ட இடத்திலிருந்து வேலை தொடரும். எது எந்த நிலையில் இருக்கிறது என்பது லாக் புக்கில் இருக்கும். "பெல்ட் சத்தம் வருது, பாக்கவும்." "ஆயில் ஊத்தியாச்சு." தண்டைக் கவ்விப் பிடிக்கும் சக்கைப் பற்றி: "சக் கண்டிஷன் ஓகே. தொட வேண்டாம்." கீழே கொடுத்தவர் கையெழுத்து, வாங்கியவர் கையெழுத்து. அந்த நோட்டைப் பல வருடமாகப் பார்த்துக்கொண்டு இருந்தவள் நான்.

சும்மா கேட்பது போல, ஐந்தாவது பாடத்திலிருந்து ஒரு கேள்வியைச் சோழவரத்துக்காரரிடம் கேட்டேன். பொரிந்து தள்ளிவிட்டார். நான் எங்கே மூச்சு விட்டேனோ அங்கே அவரும் மூச்சு விட்டார். சரி, ஆறாவது பாடத்திலிருந்து ஒன்று என்றேன்.

"அது பாய் பாடம் மேடம்" என்றார்.

பாய் பாடமா என்று நான் கேட்பதற்குள் அவர் லாக் புக்கை எடுத்து நடுப்பக்கத்தைப் பிரித்து நீட்டிவிட்டார். ஆயில், பெல்ட் எல்லாவற்றுக்கும் பிறகு, தனித் தலைப்போடு, கோடு போட்டு எழுதியிருந்தது. "பாடம் 1 முடிஞ்சது. 5/5. அடுத்து 2." கொடுத்தவர் ஆரம்பாக்கம், வாங்கியவர் சோழவரம். "பாடம் 2 முடிஞ்சது. நாலாவது கேள்வி ரெண்டு தடவ போட்டேன்." கொடுத்தவர் சோழவரம், வாங்கியவர் பாய். "பாடம் 3 முடிஞ்சது. மேடம் ஊட்ல சாம்பார்."

தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பாய் பொறுமையாக விளக்கினார். முதல் நாள் ஆரம்பாக்கம் சீட்டைப் பார்த்து ரகசியச் சொல்லைத் தட்டினாராம். ஞாபகம் வைத்துக்கொள்ளட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டதாம். வைத்துக்கொள் என்று சொன்னாராம். அதன்பிறகு யார் போய் உட்கார்ந்தாலும் திரையில் ஒரே வரி: "விட்ட இடத்திலிருந்து தொடரவும்." அப்புறம் என்ன, தொடர்ந்தார்கள்.

வெளியேறு என்று ஒரு பொத்தான் இருந்ததே, அதை யாரும் அழுத்தவில்லையா என்று கேட்டேன். அப்படி ஒரு பொத்தானே இல்லை என்றார்கள் இருவரும். கண்ணாடி அறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் காட்டப் பார்த்தேன். வலது மேல் மூலையில், நான் வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன. வெளியேறு அதற்கு அடியில் இருந்தது. பூஜையில் வைத்த பொட்டை ஐந்து வாரமாக யாருமே துடைக்கவில்லை, எப்படித் துடைப்பார்கள்? பக்கத்தில் "யாரும் அணைக்கக் கூடாது" என்று என் கையெழுத்து வேறு.

கொடுத்த சீட்டு எங்கே என்றேன். சோழவரத்துக்காரர் பர்சில் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தார். பாயுடையது டிபன் பைக்குள். கேட்டில் காட்டும் பாஸ் மாதிரி, யாராவது கேட்டால் காட்டலாம் என்று வைத்திருந்தார்கள். யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஆரம்பாக்கத்துக்காரரைப் பிடித்தேன். எல்லோர் முன்னாலும் தன்னை மட்டும் பாராட்டியபோது ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நம்ம லேத்த சொல்றீங்கன்னு நெனச்சேன் நைனா" என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டு, "நைனா இல்ல, மேடம்" என்றார்.

அவருக்குப் பன்னிரண்டில் நான்கு பாடம்தான் தெரியும். மற்ற இருவருக்கும் நான்கு நான்கு. மூவரையும் ஒன்றாக்கினால் ஒரு முழு மாணவர் தேறுவார்; மூவரில் யாரும் தேர்வில் தேறமாட்டார்கள். இன்ஜினியர் வர இன்னும் பத்து நாள். தேர்வு தனித்தனியாக.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். எனக்கு அது சுலபமாக இல்லை. என் பாடத்தின் வெற்றியை அவர் அதற்குள் தலைமை அலுவலகம் வரை சொல்லிவிட்டார். கம்ப்யூட்டரில் பூஜ்யம் என்றால் பூஜ்யம்தான், லாக் புக்கை வைத்துத் தீர்மானிக்க முடியாது என்றார். என் அறிக்கை தப்பு, ஆர்வமின்மை என்ற சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று நின்ற இடத்தில் நின்றேன். கடைசியில் அவர் இறங்கி வந்தது இவ்வளவுதான்: மூவரும் தேர்வுக்கு நிற்கலாம். தேறாதவர் பெயர் டெஸ்பாட்ச் பட்டியலில் இருக்கும். ஆரம்பாக்கத்துக்கும் அதே விதி.

ஆக, இரண்டு பேருக்கு இருந்த ஆபத்தை நான் மூன்று பேருக்கு ஆக்கியிருந்தேன்.

ஒரே கம்ப்யூட்டர், பத்து நாள், நடுவே தினமும் இரண்டு மணி நேரம் கரண்ட் கட். ஒவ்வொருவரும் தனித்தனியாக எட்டுப் பாடம் பார்க்க வழியே இல்லை. ஞாயிற்றுக்கிழமை லேத்துக்கு ஓய்வு. மூவரையும் என் வீட்டுக்கு வரச் சொன்னேன். ஒருவர் தன் நான்கு பாடத்தை மற்ற இருவருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். நான் வாயைத் திறக்கக் கூடாது. இந்தக் கடைசி விதியைப் போட்டவர் என் கணவர்.

அன்றுதான் ஒரு விஷயம் புரிந்தது. பதினோரு வருடம் ஒரே லேத்தில் நின்ற மூன்று பேரும் ஒன்றாக ஓரிடத்தில் உட்கார்ந்ததே கிடையாது. ஒருவர் வந்தால் இன்னொருவர் கிளம்புவார், அதுதான் அவர்களுடைய சிநேகிதம். சோழவரத்துக்காரர் முதலில் வந்தார். பாய் வாசலில் செருப்பைக் கழற்றியதும் இவர் தன்னை அறியாமல் எழுந்து, "சரி பாய், பாத்துக்கோங்க" என்று கிளம்பப் போனார். என் கணவர்தான் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தார். ஆரம்பாக்கம் வந்தபோது பாய் எழுந்தார். அவரையும் உட்கார வைத்தோம். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொஞ்ச நேரம் வெட்கப்பட்டார்கள்.

பிறகு ஆரம்பித்தது பாடம். எங்கள் வீட்டுச் சப்பாத்திக்கட்டைதான் தண்டு, குழவிதான் அதைக் கடையும் டூல். ஆரம்பாக்கம் முதல் பாடத்தைச் சொன்னபோது என் பத்து நிமிடப் பேச்சு நான்கு வாக்கியமாகச் சுருங்கியது. அந்த நான்கிலேயே எல்லாம் இருந்தது. எனக்கு உள்ளே எரிந்தது. சோழவரத்துக்காரர் நான் சொல்லாத இரண்டு குறுக்குவழிகளைச் சொன்னார். வாயைத் திறக்கப்போனேன், கணவர் என்னைப் பார்த்தார், மூடிக்கொண்டேன். அடுப்பில் குக்கர் விசிலடித்ததும் மூன்று பேரும் ஒரே குரலில் "பாடம் மூணு" என்று சொல்லிச் சிரித்தார்கள். அதற்கு நானும் சிரித்துவிட்டேன்.

ஒன்பதாவது பாடம் பாயுடையது. வேலை நடுவில் கரண்ட் போய்த் திரும்பி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது. எங்கள் ஊருக்கு இதைவிட முக்கியமான பாடம் இல்லை. பாய் தொடங்கும் முன் தொண்டையைச் செருமி, குடிக்கக் கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமா என்று என்னைக் கேட்டார். வெந்நீர் வைத்து ஆற்றி எடுத்துக்கொண்டு வருவதற்குள் பாடம் முடிந்திருந்தது. இவ்வளவு சீக்கிரமா என்றேன். நீங்கள் அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறீர்கள் என்றார் பாய். கொண்டுவந்த வெந்நீரை அவர் குடிக்கவில்லை. அதை நான் கவனித்தேன், ஆனால் பாராட்டில் மறந்துவிட்டேன்.

சாப்பிட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தார்கள். மாலை லோக்கலுக்கு நேரமாகும் வரை பன்னிரண்டையும் மூன்று முறை சுற்றி வந்தார்கள். அந்த வாரம் முழுக்க ஷிப்டு மாறும் கால் மணியில் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டு மடக்கினார்கள். நானும் நின்று கேட்டேன், சிவப்பு மையை அறையில் வைத்துவிட்டு.

தேர்வு நாளில் கோயம்புத்தூரிலிருந்து இன்ஜினியர் வந்தார். மெதுவான, மரியாதையான மனிதர். புது மெஷின் பொருத்தி முடித்துத் தயாராக நின்றது. ஒரு பக்கம் மேனேஜர், அவர் பக்கத்தில் நான். ஆரம்பாக்கம் ஓட்டிக் காட்டினார், தேறினார். சோழவரம் இன்ஜினியர் கேள்வியை முடிப்பதற்குள் பதிலை முடித்தார்; தேறினார். பாய் மனசுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டு பொத்தானைத் தொட்டார். ஒரு தண்டு பாதி கடைந்திருக்கும்போது கரண்ட் போய்விட்டது. ஏற்பாடு இல்லை, நிஜமாகவே போய்விட்டது.

ஜெனரேட்டர் எழுந்து விளக்குகள் வந்தன. "நல்லதாப் போச்சுங்க" என்றார் இன்ஜினியர். "இப்ப டூல் நடுவுல நிக்குதுங்க. அதை எப்படி வெளிய எடுப்பீங்க?"

இதுவரை தயங்காத பாய் கையை எடுத்துவிட்டார். மெஷினைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இன்ஜினியர் இரண்டாவது முறை கேட்டார். மேனேஜர் பேனாவைத் திறந்தார். பாய் தாழ்ந்த குரலில் இன்ஜினியரிடம் கேட்டார்: "மேடம் பாடத்துல சொன்னத செய்யட்டுமா சார், மெஷினுக்கு நல்லத செய்யட்டுமா?"

ஒரு நொடி எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு என் குரலே எனக்குக் கேட்டது: முதலில் வலப்பக்கம் நகர்த்துங்கள், அப்புறம் பின்னால் இழுங்கள். மாற்றிச் சொல்லியிருந்தேன். டூல் தண்டைக் கடித்துக்கொண்டு நிற்கும்போது வலப்பக்கம் நகர்த்தினால் டூல் உடையும், தண்டும் போகும். முதலில் பின்னால் இழுக்க வேண்டும், அப்புறம்தான் வலப்பக்கம். நூறில் ஒரு பங்கைக் கண்டுபிடிக்கிறவள், தலைகீழாகச் சொல்லிவிட்டு ஐந்து வாரம் அதற்கு மார்க்கும் போட்டிருக்கிறேன்.

சும்மா இருந்திருக்கலாம். பாய் எப்படியும் சரியானதையே செய்திருப்பார், மேனேஜருக்கு இதெல்லாம் புரியாது. ஆனால் பாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லாமல் அவர் கை அசையாது.

"மெஷினுக்கு நல்லத செய்ங்க பாய்" என்றேன். "பாடத்துல நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

பாய் டூலைப் பின்னால் இழுத்தார், வலப்பக்கம் நகர்த்தினார், தண்டைக் கழற்றி, வழக்கம்போல் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு இன்ஜினியரிடம் கொடுத்தார். இன்ஜினியர் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். டெஸ்பாட்ச் பட்டியலை அன்று மாலையே போர்டிலிருந்து எடுத்தார்கள். மேனேஜர் என்னிடம் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை, அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எல்லோரும் போன பிறகு லாக் புக்கை எடுத்து ஒன்பதாம் பாடத்தின் பக்கத்தைத் தேடினேன். அன்று அவசரத்தில் நான் புரட்டாமல் விட்ட பக்கம். பாய் கையெழுத்தில் இருந்தது: "பாடம் 9. மூணாவது கேள்வி. மேடம் மாத்தி சொல்லிட்டாங்க. மார்க்குக்கு அவங்க பதில் போட்டுக்கீறேன். மெஷின்ல அப்பிடி செய்யக் கூடாது." அதற்குக் கீழே ஆரம்பாக்கம்: "மேடத்துக்கு சொல்லலாமா?" அதற்கும் கீழே சோழவரம்: "வேணாம். பாவம், குக்கர் சத்தத்துல கஷ்டப்பட்டு பேசிக்கீறாங்க." கீழே மூன்று கையெழுத்து. ஆர்வமின்மை என்று நான் எழுதி அனுப்பியதற்கு ஒரு வாரம் முந்தைய தேதி.

அந்த ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். வெட்கத்தில் பாதி, மீதி வேறு எதிலோ. பிறகு கண்ணாடி அறைக்குப் போய், ஈரத்துணியால் பொட்டைத் துடைத்தேன். வெளியேறு வெளியே வந்தது. சும்மா விட மனசு வராமல், மானிட்டரின் கீழ்ச் சட்டத்தில், யாருக்கும் இடைஞ்சல் இல்லாத இடமாகப் பார்த்து, சின்னதாக ஒரு புதுப் பொட்டு வைத்தேன்.

அந்த ஞாயிறு மறுபடி பீரோவுக்குள் தலையை விட்டு ஒன்பதாம் பாடத்தைப் புதிதாகப் பேசினேன். திங்கட்கிழமை புது மெஷினின் புது லாக் புக்கில், முதன்முறையாக நானும் எழுதினேன்: "பாடம் 9 திருத்தியாச்சு. பாடம் 3-லயும் குக்கர் சத்தத்த எடுத்துட்டு மறுபடி பேசலாம்னு இருக்கேன்." கொடுத்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் மதியம் போய்ப் பார்த்தபோது, வாங்கியவர் என்ற இடத்தில் மூன்று ஷிப்டின் கையெழுத்தும் இருந்தது. மேலே பாய் எழுதியிருந்தார்: "பாடம் 3. கண்டிஷன் ஓகே. தொட வேண்டாம்."